வேப்பம்பூவும் தேதி முத்திரையும்



"நம்ம ஊர்ல வசந்த காலம்னு ஒண்ணு ஏதுங்க? வெயில் காலம், கடும் வெயில் காலம். ரெண்டே ரெண்டுதான்!" ஈரோட்டில் பத்துப் பேரிடம் கேட்டால் ஒன்பது பேர் இப்படித்தான் சொல்வார்கள். மத்தியான வெயிலில் பன்னீர்செல்வம் பார்க் பக்கம் நடந்து பார்த்தவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள். ஆனால் நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்து, சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றார்கள். அந்தப் பெயர் சும்மா வைத்ததில்லை.

மரங்கள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. எங்கள் பக்கம் மாசி பாதியிலேயே அவை தொடங்கிவிடுகின்றன. வேம்பு பழுத்த இலைகளைக் கொட்டிவிட்டுச் செம்புநிறத் தளிர் விடும். அரச மரத்தில் புதிய இலை வெண்கலம் தேய்த்து வைத்தது போல மின்னும். புங்கன் பளிச்சென்று பச்சை கட்டி, கொஞ்ச நாளில் அடியில் பொரி கொட்டினாற்போலப் பூச் சிந்தும். பங்குனியில் வேப்பம்பூ, சித்திரையில் சரக்கொன்றை. மழைத் துளி ஒன்று விழுந்திருக்காது, கிணற்றில் தண்ணீர் கீழே போயிருக்கும், ஆனாலும் இந்த மரங்கள் துளிர்க்கும். பகல் பொழுது நீளத் தொடங்குவதும் சூடு ஏறுவதும்தான் அவற்றுக்கு அடையாளம் என்கிறார்கள் தாவரவியல் படித்தவர்கள். மழை வரும்போது இலைகள் தயாராக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சமையலை ஆரம்பித்து விடுகிற இல்லத்தரசி மாதிரி!

தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு காலை நடைக்குக் கைபேசியோடு போகிற பழக்கம் வந்தது. கருங்கல்பாளையம் பக்கம், காலிங்கராயன் வாய்க்கால் ஓரமாகப் போய்த் திரும்புவேன். வழியில் தளிர், மொட்டு, மரப்பட்டையில் ஊரும் எறும்பு, முருங்கைப் பூவில் தேனீ என்று கண்ணில் படுவதைப் படம் எடுப்பேன். பெரிய காட்சி எதுவும் இல்லை. எல்லாம் உள்ளங்கை அளவு சமாச்சாரம்.

போன பங்குனியில் விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி என் கைபேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்புச்சி, ஒரே வேப்பங்கொத்தை நாப்பது தடவை எடுத்து வச்சிருக்கீங்களே, எதுக்குங்க?"

"நாப்பதும் நாப்பது நாள், கண்ணு" என்றேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை. சரியான பதிலைச் சொல்ல வேண்டுமானால் நூற்றெண்பது வருஷக் கதையைச் சொல்ல வேண்டும். அந்தக் கதைதான் இன்றைய பதிவு.

புகைப்படக் கலை பிறந்ததே இலையிலிருந்துதான் என்று சொன்னால் மிகையில்லை. 1839 ஜனவரியில், பிரான்சில் டாகெர் என்பவரின் கண்டுபிடிப்புச் செய்தி வெளியானதும், இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் என்பவர் தாம் சில ஆண்டுகளாகச் செய்து வைத்திருந்த படங்களை லண்டனில் கொண்டுவந்து காட்டினார். அவற்றில் செடி, இலை, லேஸ் துணி எல்லாம் இருந்தன. வெள்ளி உப்பு தடவிய தாளின்மேல் இலையை வைத்து வெயிலில் காட்டினால் இலையின் நரம்பு முதற்கொண்டு தாளில் பதிந்துவிடும். கேமராகூட வேண்டியதில்லை. டால்பட் தாவரவியலிலும் ஈடுபாடு கொண்டவர். அதனால் அவர் கை முதலில் இலைமேல் போனதில் ஆச்சரியம் இல்லை.

அடுத்த நான்கே ஆண்டில், 1843இல், அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை நீலப் பதிவு முறையில் படமாக்கிப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். வீடு கட்டுகிறவர்கள் முன்பு 'புளூ பிரிண்ட்' என்று வைத்திருப்பார்களே, அதே முறைதான். புகைப்படங்களைக் கொண்டு வந்த முதல் புத்தகம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அரண்மனையும் இல்லை, அரசரும் இல்லை. முதல் புகைப்படப் புத்தகத்தின் கதாநாயகி கடற்பாசி!

அதே 1843இல் நம் கொங்கு நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? கேமரா இன்னும் இங்கே வரவில்லை. ஆனால் கோயம்புத்தூரில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் செடிகளின் நுணுக்கங்களைப் பதிவு செய்துகொண்டிருந்தார். அவர் பெயர் ராபர்ட் வைட். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். அமெரிக்கப் பருத்தி நம் மண்ணில் விளையுமா என்று பார்க்கும் சோதனைக்காக 1842 முதல் கோவையில் இருந்தார். பருத்திச் சோதனை கம்பெனி எதிர்பார்த்தபடி அமையவில்லை. ஆனால் வைட்டின் இன்னொரு வேலை நிலைத்துவிட்டது. தென்னிந்தியத் தாவரங்களைப் படத்துடன் விவரிக்கும் அவருடைய பெரிய நூல் 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதில் 2101 படங்கள்.

அந்தப் படங்களை வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். முழுச் செடியை வரைந்துவிட்டு, அதன் ஓரத்தில் ஒரு பூவைப் பிரித்து, இதழ் தனியாக, மகரந்தக் கேசரம் தனியாக, சூல் தனியாக வரைந்து வைத்திருக்கிறார்கள். படத்தின் அடியில் சின்ன எழுத்தில் வரைந்தவர் பெயரும் இருக்கும். கோவிந்துவின் உழைப்பை மதித்து வைட் ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே 'கோவிந்தூயியா' என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் வகைப்பாடு மாறி அந்தப் பெயர் வழக்கொழிந்தது என்றாலும், கம்பெனி காலத்தில் ஓர் இந்திய ஓவியரின் பெயரை ஒரு வெள்ளைக்காரர் ஒரு பூவுக்கு வைத்தார் என்பது சாதாரண விஷயமா? அவர்கள் வரைந்த மூலப் படங்களில் பல இன்று எடின்பரோ தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன.

கேமரா நம் பக்கம் வந்தபோது அது இலையை மறந்துவிட்டது. 1856இல் சென்னையில் புகைப்படச் சங்கம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில் புறப்பட்டு, இராயக்கோட்டை, சேலம் பகுதி, திருச்சி, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு சுற்றினார். எல்லாம் கோட்டை, கோபுரம், மண்டபம். அரசாங்கத்துக்கு வேண்டியது அதுதான்.

ஆனால் டிரைப் செய்த ஒரு வேலையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் கல்வெட்டுகள் ஓடுகின்றன அல்லவா? அவற்றை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிற இடத்தில் ஒரு மனிதர் குனிந்து எழுத்தைப் பார்த்திருக்கிறார். சின்ன விஷயத்துக்குக் கேமராவைத் திருப்பிய ஆட்கள் நம் மண்ணில் அன்றே இருந்தார்கள் என்பதற்கு அது சாட்சி. 1859இல் சென்னைக்கு ஆளுநராக வந்த சார்ல்ஸ் டிரெவெல்யன் இதெல்லாம் வீண் செலவு என்று கருதி நிறுத்திவிட்டார். அரசாங்கக் கணக்குப்பிள்ளைகள் எந்தக் காலத்திலும் ஒரே மாதிரிதான்!

செலவு என்கிற அந்த வார்த்தைதான் அடுத்த நூறு ஆண்டுக்கும் மேலாக நம் ஆட்களைத் தளிர் பக்கம் போக விடாமல் தடுத்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். வசதியான வீடுகளில் ஆக்ஃபா கிளிக் 3 என்ற கேமரா இருக்கும். பரோடாவில் தயாரானது. ஒரு ரோலில் 12 படம். ஃபிலிம் வாங்கக் காசு, கழுவக் காசு, பிரிண்ட் போடக் காசு. அந்தப் பன்னிரண்டில் கல்யாணத்துக்கு நான்கு, கிடா வெட்டுக்கு இரண்டு, குழந்தை மொட்டைக்கு இரண்டு, ஊருக்குப் போன இடத்தில் அணைக்கட்டு முன்னால் இரண்டு. மிச்சம் இருக்கிற இரண்டை வைத்துக்கொண்டு ஆறு மாதம் காத்திருப்பார்கள். இந்த நிலையில் ஒருவன் வேப்பம்பூவைப் படம் எடுத்தான் என்றால், அவன் பெண்டாட்டி என்ன சொல்லியிருப்பாள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இத்தனைக்கும் ஃபிலிம் தொலைவிலிருந்து வரவில்லை. நம் கொங்கு நாட்டுக்கு மேலே, ஊட்டியில்தான் அது தயாரானது. மத்திய அரசின் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் 1960இல் தொடங்கப்பட்டு 1967இல் உற்பத்தியை ஆரம்பித்தது. தூசி இல்லாத குளிர்ந்த காற்றும் நல்ல தண்ணீரும் ஃபிலிம் தயாரிப்புக்கு வேண்டும். 'இந்து' என்ற பெயரில் வந்த கறுப்பு வெள்ளை ஃபிலிமும், ஆஸ்பத்திரிகளுக்கான எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்துதான் இறங்கின. நம் வீட்டு ஆல்பங்களில் இருக்கும் கறுப்பு வெள்ளைத் தாத்தா பாட்டிகளில் பலர் ஊட்டி ஃபிலிமில் பதிந்தவர்களாகத்தான் இருப்பார்கள். வண்ணப் படம் வந்தது, பிறகு டிஜிட்டல் வந்தது. நொடித்துப்போன அந்த ஆலையைக் கடைசியில் மூடினார்கள்.

ஃபிலிம் விலை உயர்ந்திருந்த அந்தக் காலத்திலும் சின்ன விஷயங்களுக்குக் கேமராவைத் திருப்பிய ஒரு தமிழரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை முழுமை பெறாது. அவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசி மகன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தபோது, நீலகிரி, பழனி மலை உச்சிகளின் தாவரங்களைப் பற்றி நூல் எழுதிய பேராசிரியர் ஃபைசனிடம் தாவரவியல் பழகியவர். 1950 முதல் 1996 பிப்ரவரியில் மறையும் வரை, 46 ஆண்டுகள், கல்கத்தாவிலிருந்து வெளிவந்த 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கையைப் பற்றிய பத்தியை விடாமல் எழுதினார்.

யானையையும் காட்டெருதையும் காட்டுக்குள் நடந்து போய்க் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர் அவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே பொருத்திய ஒரு கனத்த கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். ஆனால் எனக்குப் பிடித்த கிருஷ்ணன் வீட்டுச் சுவர்ப் பல்லியையும், முற்றத்து அணிலையும், தெருக் காக்கையையும் யானைக்குச் சமமாக வைத்து எழுதிய கிருஷ்ணன். அயல்நாட்டு அலங்கார மரங்களை நட்டு நம் மண்ணின் மரங்களை மறப்பதைக் கடுமையாகச் சாடியவர். தமிழிலும் எழுதினார். அந்தக் கட்டுரைகளைத் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாக்கியவர் சு. தியடோர் பாஸ்கரன். தாராபுரத்தில் பிறந்தவர், நம் கொங்கு மண்ணுக்காரர். அதைவிட எனக்குப் பெருமை என்ன தெரியுமா? அவர் எங்கள் தபால் துறை! தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முத்திரை குத்துகிற கைகளுக்கும் குயிலுக்கும் ஏதோ ஒரு தொடர்பு இருக்கத்தான் செய்கிறது.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். பால்காரர் கையில், பூக்காரம்மா கையில், என் போன்ற கிழவன் கையில் கேமரா இருக்கிறது. ஃபிலிம் செலவு இல்லை. ஒரு வேப்பங்கொத்தை நாற்பது தடவை எடுக்கலாம். டிரெவெல்யன் துரை வந்து தடுக்க மாட்டார். ஆனால் பேத்தியின் கேள்வி அப்படியே நிற்கிறது. எதற்கு?

இதற்கு நல்ல பதில் அமெரிக்காவிலிருந்து கிடைத்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவெல் என்றொரு ஊர். அங்கே உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களின் கல்லறையில் 1868 மே 30 அன்று நடந்த அஞ்சலியின்போது யாரோ ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். படம் எடுத்தவரின் நோக்கம் மரம் அல்ல. ஆனால் பின்னணியில் மரங்கள் நிற்கின்றன, இலை இல்லாமல், மொட்டையாக. சுமார் 137 ஆண்டு கழித்து, 2005இல், அதே மே 30 அன்று அதே இடத்தில் ஆராய்ச்சியாளர்கள் படம் எடுத்தார்கள். மரங்கள் நிறைய இலை. ஒரு ஆண்டை வைத்து முடிவு கட்ட முடியாது என்பது உண்மைதான். அதனால் அவர்கள் அந்த மாநிலத்தின் பழைய படங்களையும், அருங்காட்சியகங்களில் உள்ள உலர்ந்த செடிகளையும் தேடித் தேடி ஒப்பிட்டார்கள். பக்கத்திலேயே கான்கார்ட் என்ற ஊரில் எழுத்தாளர் தோரோ 1850களில் எந்தச் செடி எந்த நாளில் பூத்தது என்று குறித்து வைத்த நோட்டுகளும் கிடைத்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததில், தோரோ காலத்தைவிட இன்று அங்கே செடிகள் சராசரியாக ஒரு வாரத்துக்கும் மேல் முன்னதாகப் பூக்கின்றன என்று தெரிந்தது. பூமி சூடாகிறது என்பதற்குப் பூவே சாட்சி சொன்னது.

ஜப்பானில் கியோட்டோ நகரத்துக்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். அரசர்களும் துறவிகளும் செர்ரிப் பூ பார்க்கும் விருந்து எந்த நாளில் நடந்தது என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார்கள். 9ஆம் நூற்றாண்டிலிருந்து அந்தக் கணக்கு கிடைக்கிறது. 2021இல் மார்ச் 26 அன்றே பூ உச்சத்துக்கு வந்தபோது, 1200 ஆண்டுக் கணக்கில் இவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை என்று அவர்களால் அடித்துச் சொல்ல முடிந்தது.

ஈரோட்டு வேம்பைப் பற்றி நம்மால் அப்படி ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? "முன்னெல்லாம் சித்திரைக் கனிக்கு வேப்பம்பூ புதுசாக் கிடைக்கும், இப்ப முந்தியே கொட்டிப் போகுது" என்று என் வயதுக்காரர்கள் பேசுகிறார்கள். இன்னொருவர் "இல்லீங்க, பிந்தித்தான் பூக்குது" என்கிறார். இரண்டுக்கும் கையில் அத்தாட்சி இல்லை. 1271 முதல் 1283 வரை காலிங்கராயன் வாய்க்கால் வெட்டப்பட்ட கதையை ஆண்டு போட்டுச் சொல்கிறோம். அதன் கரையில் நிற்கிற மரம் போன தலைமுறையில் எந்த வாரம் துளிர்த்தது என்று கேட்டால் கையை விரிக்கிறோம்.

முழுக்கக் கையை விரிக்கவும் வேண்டியதில்லை. மூன்று இடத்தில் நமக்குச் சாட்சி இருக்கிறது.

முதலாவது, கோவை. 1955இல் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்வட்ட அலுவலகம் அங்கே அமைக்கப்பட்டது. அதன் உலர்தாவரக் களஞ்சியத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட செடி மாதிரிகள் தாளில் ஒட்டி வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தாளின் மூலையிலும் சீட்டு ஒன்று: எந்த ஊர், எந்தத் தேதி, யார் எடுத்தது. பூவோடு எடுத்த மாதிரி என்றால், அந்தத் தேதியில் அந்தச் செடி பூத்திருந்தது என்பதற்கு அது தபால் முத்திரை மாதிரி.

இரண்டாவது, நம் திருவிழா. ஈரோடு பெரிய மாரியம்மன் கோயிலில் பங்குனியில் கம்பம் நட்டு, பெண்கள் மஞ்சள் நீர் ஊற்றி, கடைசியில் அதை ஊர்வலமாகக் கொண்டு போய்க் காவிரியில் விடுகிறோம். வருஷா வருஷம் ஏறக்குறைய அதே பருவம். அரை நூற்றாண்டாக அந்தத் திருவிழாவைப் படம் எடுக்காத வீடு இல்லை. தீர்த்தக்குடம் எடுத்துக்கொண்டு அத்தை நிற்பார். அத்தையின் தலைக்குப் பின்னால் ஒரு வேம்பு நிற்கும். அத்தையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வேம்பை யாராவது பார்த்தோமா? அதில் பூ இருந்ததா, தளிர் இருந்ததா, மொட்டையாக நின்றதா? லோவெல் கல்லறைப் படத்துக்கு இருக்கிற மதிப்பு நம் அத்தை படத்துக்கும் இருக்கிறது.

மூன்றாவது, நம் வேலைக் காலம். தை, மாசியில் மஞ்சள் வெட்டி, வேகவைத்து, களத்தில் காயப்போடுவார்கள். களத்தில் காய்கிற மஞ்சளோடு எடுத்த படம் என்றால் மாதம் சொல்லாமலே தெரியும். பின்னணி மரத்தைப் பார்த்தால் மற்றது தெரியும்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் ஒரே நிபந்தனை உண்டு. தேதி வேண்டும்.

இங்கேதான் என் பழைய தொழில் பேசுகிறது. தபால் ஆபீசில் காலையில் முதல் வேலை, முத்திரையில் அன்றைய தேதியை மாற்றி, நோட்டுப் புத்தகத்தில் ஒன்று குத்திப் பார்ப்பது. தேதி தெளிவாக விழுந்த பிறகுதான் மற்றதெல்லாம். முத்திரை விழாத கடிதம் எந்த நாளில் தபாலில் சேர்ந்தது என்று சொல்லாது. தேதி மட்டும் தெளிவாக இருந்தால் ஐம்பது காசு அஞ்சலட்டைகூட கோர்ட்டில் ஏறும். படமும் அப்படித்தான். தேதி இல்லாத அழகான படம் அழகாக மட்டும் இருக்கும். தேதி உள்ள சுமாரான படம் ஒருநாள் சரித்திரம் ஆகும்.

நான் நடக்கும் வழியில் ஒரு புளியமரம் இருந்தது. மூன்று பேர் கை கோத்தால்தான் கட்டிப் பிடிக்கலாம், அவ்வளவு பருமன். நான்கு பங்குனி, நான்கு சித்திரை அதைப் படம் எடுத்திருந்தேன். இளந்தளிர், மஞ்சளும் சிவப்புக் கோடுமாக இருக்கும் அந்தச் சிறு பூ, பட்டை வெடிப்பில் காய்ந்த கூட்டுப்புழு. ஐந்தாம் ஆண்டு சாலை அகலமானது. ஒரே நாளில் மரம் போய்விட்டது. இப்போது அந்த இடத்தில் நின்று பார்த்தால் அங்கே ஒரு மரம் இருந்தது என்பதற்கு அடிக்கட்டைகூட இல்லை. மரத்தை வெட்டியவர்கள் கணக்கில் அது 'புளி, ஒன்று' என்று இருக்கும். அது எந்த வாரம் துளிர்த்தது, எந்த வாரம் பூத்தது, எந்தப் பக்கக் கிளை முதலில் பூத்தது என்ற விவரம் உலகத்தில் என் கைபேசியில் மட்டும்தான் இருக்கிறது. நினைத்தால் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது. அதனால் அந்தப் படங்களை மூன்று இடத்தில் நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்னொரு இழப்பையும் சொல்கிறேன். ஊருக்குள் இருந்த ஒரு பழைய ஸ்டூடியோவை, நடத்தியவர் காலமான பிறகு மூடினார்கள். மூட்டை மூட்டையாக நெகட்டிவ்கள். ஃபிலிமில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுப்பவர்களுக்கு எடைக்குப் போய்விட்டது என்று பின்னால் கேள்விப்பட்டேன். எத்தனை கல்யாணம், எத்தனை திருவிழா, எத்தனை அத்தைகள், எத்தனை வேம்புகள்! கிராம் கணக்கில் வெள்ளி கிடைத்திருக்கும்.

எனவே வாசக நண்பர்களிடம், குறிப்பாக என்னைப் போல ஓய்வில் இருப்பவர்களிடம், சில சின்ன வேண்டுகோள்கள்.

வீட்டில் உள்ள பழைய ஆல்பத்தை எடுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் (மை வேண்டாம், முன்பக்கம் ஊறிவிடும்) ஊர், ஆண்டு, மாதம் எழுதுங்கள். நாள் தெரியாவிட்டால் "சின்னவளுக்குக் காது குத்திய வைகாசி" என்று எழுதினாலும் போதும். நமக்குப் பின் வருகிறவர்கள் அதை ஆண்டாக மாற்றிக்கொள்வார்கள். நாம் போய்விட்டால் அதைச் சொல்ல ஆள் இல்லை.

அடுத்தது, வாசலில் அல்லது நடக்கும் வழியில் ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். வேம்போ, புங்கனோ, அரசோ, எதுவானாலும் சரி. மாசி முதல் வைகாசி வரை வாரம் ஒருமுறை, அதே கிளையை, அதே இடத்தில் நின்று எடுங்கள். ஒரு படம் கிட்டத்தில், ஒரு படம் எட்டத்தில். கைபேசியே தேதியைப் பதிந்துகொள்ளும். ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்தத் தேதி பெரும்பாலும் கழன்றுவிடும். அதனால் ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். நோட்டுக்குச் சார்ஜ் போட வேண்டியதில்லை.

என் வீட்டு வேம்பின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு ஆண்டுப் படங்கள் சேர்ந்திருக்கின்றன. ஒரு வருஷம் முதல் பூ பங்குனி தொடக்கத்திலேயே வந்தது. இன்னொரு வருஷம் பத்து நாளுக்கு மேல் தள்ளிப் போனது. முந்துகிறதா பிந்துகிறதா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இன்னும் முப்பது, நாற்பது ஆண்டு வேண்டும். அத்தனை ஆண்டு எனக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கணக்கை ஆரம்பித்தவனே முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தபால் ஆபீசில் கூட, நான் எழுதிய பேரேட்டை அடுத்து வந்தவர்தானே தொடர்ந்து எழுதினார்.

இந்த வருஷம் முதல் அந்த நோட்டில் கிளைக்கு நேராக அம்புக்குறி போட்டு, நான் எங்கே நின்று எடுக்கிறேன் என்பதையும் வரைந்து வைத்திருக்கிறேன். கேட்டுக்கு உள்ளே, இரண்டாவது படியில், தூணுக்கு வலப்பக்கம். பேத்தி உயரத்துக்கு மூன்றாவது படியில் நிற்க வேண்டியிருக்கும். அதையும் எழுதியிருக்கிறேன்.